ஹோல்டாலில் ஒரு மிதி

பயணத்துக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று உறவினர்கள் இன்றைக்கும் என்னிடம்தான் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, நான் சொல்வதில் பாதியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை நகல், எந்த விடுப்பை எதோடு சேர்க்கலாம் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அறுபதுகளின் கடைசியில் என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. காக்கி கான்வாஸ் ஹோல்டால் ஒன்று. விரித்தால் மெத்தை, சுருட்டினால் மூட்டை. திருகு மூடி போட்ட பித்தளைக் கூஜா. வாயால் ஊதிப் பெரிதாக்கும் ரப்பர் தலையணை. பெட்டியை இருக்கைக் காலோடு பிணைக்கச் சங்கிலி, பூட்டு, இரண்டு சாவிகள். ஒன்று பூணூலில், மாற்றுச் சாவி மனைவியின் தாலிச் சரட்டில் என்று எங்கோ படித்திருந்தேன். எனக்குப் பூணூல் கிடையாது. அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். டார்ச் விளக்கு, மடக்குக் கத்தி, ஊக்கு ஒரு டஜன், எலுமிச்சம்பழம், தலைவலித் தைலம். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. எடுத்து வைத்ததும் எண்ணுக்கு எதிரே ஒரு டிக்.

"நாம ஊருக்குப் போறமா, ஊரையே காலி பண்ணிக்கினு போறமா?" என்பாள் என் மனைவி.

அந்தப் பட்டியலைக் கடைசியில் தோற்கடித்தவர் என் மாமனார்.

அவர் குழித்தறி நெய்பவர். நானும் நெசவுக் குடும்பம்தான். ஆனால் என் அப்பா என் கையில் தறி ஓடத்துக்குப் பதிலாகப் பேனாவைக் கொடுத்துவிட்டார். குழித்தறி என்றால் தரையிலேயே இடுப்பளவு பள்ளம். நெய்கிறவர் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே விடுவார். உள்ளே இரண்டு மிதிக்கட்டைகள். ஒன்றை அழுத்தினால் மற்றொன்று ஏறும். அப்படி மாறி மாறி மிதித்தால்தான் பாவு நூல் வாய் திறந்து, குறுக்கு நூல் கொண்டுபோகும் ஓடத்துக்கு வழிவிடும். மாமனார் பன்னிரண்டு வயதில் பள்ளத்தில் கால் விட்டவர். நான் சொல்லும் சமயம் அவருக்கு ஐம்பத்தாறு வயது. அவர் வீட்டில் நாற்காலியே கிடையாது. கல்யாணத்தன்று மாப்பிள்ளையான எனக்கு எதிர்வீட்டிலிருந்து இரவல் வாங்கிப் போட்டார்கள். சாயங்காலமே திருப்பிக் கேட்டு வந்துவிட்டார்கள். அமாவாசையன்று தறி ஓடாது. அன்றைக்கு அவர் காலையில் கிளம்பினால் நான்கு ராஜ வீதியையும் சுற்றிவிட்டு, கோயில் பிரகாரத்தையும் எண்ணிக்கை இல்லாமல் சுற்றிவிட்டுத்தான் வருவார். பக்தி என்று நினைத்துக்கொண்டோம்.

அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் என் மனைவி. இளையவளைப் பம்பாயில் மில் வேலையிலிருந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருடமே மாமியார் இறந்துவிட்டார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டும் என்பது வழக்கம். தாய் இல்லாத வீட்டுக்கு எப்படி வருவது? பம்பாயிலேயே பெற்றாள். அந்தச் சமயம் என் மனைவியும் நிறைமாதம். எங்களால் போக முடியவில்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்ததும் மாமனார் தனியாகக் கிளம்பினார். மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டார். "வழியில காய்ச்சல் வந்துடுச்சி" என்றார். இளையவளுக்கும் அதையே எழுதச் சொன்னார். எழுதியவன் நான்தான். குழந்தை நாலு மாதத்தில் போய்விட்டது.

அதற்குப் பிறகு இளையவள் அப்பாவுக்குக் கடிதம் போடவில்லை. அக்காவுக்கு மட்டும் எழுதுவாள். அதில் அப்பா என்ற சொல் வராது. 'வீட்டில் எல்லாரும் சௌக்கியமா' என்று இருக்கும். அந்த 'எல்லாரும்' என்பதில் தானும் உண்டா என்று தெரிந்துகொள்ள மாமனார் கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்வார்.

மூன்று வருடம் கழித்து இரண்டாவது குழந்தை பிறந்தது. மூன்று மாதம் ஆகிறது, பெண், தலை நின்றுவிட்டது என்று இன்லண்டு கடிதம் வந்தது. மனைவி படித்து முடித்தாள். மாமனார் பள்ளத்திலிருந்து காலை எடுக்காமலே சொன்னார்.

"நான் போவணும் மாப்ள."

"போலாம் மாமா. நானும் வரேன்."

"இந்த வாட்டியும் போய்ச் சேரலன்னா, சின்னது என் மூஞ்சில முழிக்காது. முழிக்கவும் வேணாம்."

சரி, இதுவரை அவர் பயணத்துக்கு வேண்டிய சாதனங்கள் இல்லாமல் கிளம்பியதுதான் கோளாறு என்று தீர்மானித்தேன். ஒரு துணிப்பை, ஒரு துண்டு என்று போனால் யாருக்குத்தான் காய்ச்சல் வராது? தண்ணீர் மாற்றம் காரணமாக இருக்கும், கூஜா. தூக்கக் குறைவாக இருக்கும், ரப்பர் தலையணை. அலுவலக முறைப்படி, நடைமுறைப்படுத்தும் முன் ஒரு பரிசோதனை வேண்டும். பம்பாய் ரயிலை அரக்கோணத்தில்தான் பிடிக்க வேண்டும். ஆகவே அமாவாசையும் ஞாயிறும் சேர்ந்து வந்த ஒரு நாளில், முழுச் சாமான்களோடு அரக்கோணம் வரை போய்த் திரும்புவது என்று ஏற்பாடு செய்தேன்.

"ஒத்திகைக்குமா ஹோல்டாலு?" என்றாள் மனைவி.

"ஒத்திகைன்னா எல்லாம் இருக்கணும்."

"அப்ப என் தங்கச்சி வீட்டுக் கதவையும் ஒண்ணு எடுத்துக்கினு போங்க. போய்த் தட்டிப் பாக்கலாம்."

பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் அவரை உட்காரவைத்தேன். கூஜா இடப்பக்கம், தலையணை முதுகுக்குப் பின்னால். எதிரே ஒரு அம்மாள், பக்கத்துக் கூரம் கிராமம், கத்தரிக்காய்க் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி கிளம்பிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

"யோவ் பெரியவரே, கூடைய இன்னாத்துக்கு ஒதச்சிக்கினு இருக்கற?"

மாமனார் காலை இழுத்துக்கொண்டார். "தெரியாம பட்டுதும்மா."

ஒரு நிமிஷம். மறுபடி கூடை நகர்ந்தது.

"தெரியாம படறது ஒரு தரம் படும். நீ எண்ணி எண்ணி ஒதைக்கற. வலதுகால்ல ஒண்ணு, இடதுகால்ல ஒண்ணு. கத்திரிக்கா உன்ன இன்னா பண்ணிச்சி?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் நான் கீழே பார்த்தேன். கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. வலது, இடது, வலது, இடது. அவசரமில்லாமல், விடாமல். மாமனார் இரண்டு கைகளாலும் முழங்காலை அழுத்திப் பிடித்தார். பிடித்த கையும் சேர்ந்து ஆடியது. சம்மணம் போட்டுப் பார்த்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக வந்தது. ஆடுசதை முறுக்கிக்கொண்டு பல்லைக் கடித்தார். எழுந்து கதவோரம் போய் நின்றார். நான் எலுமிச்சம்பழத்தை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு, அடுத்து வந்த திருமால்பூரில் இறங்கிவிட்டார்.

நானும் ஹோல்டால், பெட்டி, கூஜா சகிதம் குதிக்க வேண்டியதாயிற்று. அவசரத்தில் சங்கிலியைப் பூட்டிலிருந்து எடுக்க முடியவில்லை. சாவி அரைஞாண் கயிற்றில் இருந்தது. கத்தரிக்காய் அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உதவினார். பொது இடத்தில் வேட்டியைத் தளர்த்தாமல் எடுக்க முடியாத சாவியால் பெட்டி மிகவும் பாதுகாப்பாக இருக்கும் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

திரும்பும் வண்டி சாயங்காலம்தான். நடந்தே வந்தோம். மாமனார் ஹோல்டாலைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் போனார். நடக்க ஆரம்பித்ததும் முகம் தெளிந்துவிட்டது. அவர்பாட்டுக்கு நடந்தார், நான்தான் மரத்துக்கு மரம் நின்றேன். இரண்டு மைல் தாண்டியதும் கேட்டேன்.

"மொத வாட்டியும் இதேதானா மாமா?"

"ம்."

"காய்ச்சல் இல்ல?"

"ஒண்ணியும் இல்ல. ரேணிகுண்டா வரைக்கும் போனேன் மாப்ள. எதிர்ல ஒரு பட்டாளத்தான். ரெண்டு தரம் பொறுத்தான். மூணாந்தரம் சட்டையப் புடிச்சிட்டான். நின்னுக்கினே வந்தேன். ரெண்டு நாளு எப்டி நிக்கறது? கால் முறுக்கிக்கினு கீழ வுழுந்துட்டேன். எறக்கி வுட்டாங்க." ஹோல்டாலைத் தலையில் சரிசெய்துகொண்டார். "மிதி கெடைக்கலன்னா கால் கேக்க மாட்டுது. கால் கேக்கலன்னா மூச்சு முட்டுது. இத யார்கிட்ட சொல்றது?"

என் பட்டியலில் கழுத்துக்கு ஒரு சாமான் இருந்தது, தாகத்துக்கு ஒன்று, திருடனுக்கு ஒன்று. கால் என்று ஒரு வரியே இல்லை.

வீட்டில் வந்து சொன்னபோது மனைவி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அம்மா செத்தப்ப பதினாறு நாளு தறி ஓட்டல. கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்துக்கினே இருந்தாரு. அம்மாவ நெனச்சிக்கினு நடக்கறாருன்னு நாங்க அழுதோம்." பிறகு சொன்னாள், "அம்மாவையும் நெனச்சிருப்பாரு. ரெண்டும்தான்."

அப்புறம் முறத்தைக் கையில் எடுத்தபடி, ஏதோ உப்பு வாங்கி வரச் சொல்வதுபோல, "கால் கேக்கறத குடுத்துட்டுப் போங்களேன்" என்றாள்.

மறுநாள் அலுவலகத்தில், பயன்படாத வரைவுத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் படம் போட்டேன். அரசாங்கத் தாளைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தியது விதிமீறல் என்று தெரிந்தேதான் செய்தேன். ஒரு அடிப்பலகை. அதன் மேல் காலளவில் இரண்டு சிறு பலகைகள், குதிகால் பக்கம் தோல் கீல். இரண்டையும் ஒரு கயிறு இணைத்து நடுவிலிருக்கும் சின்ன உருளையின் மேல் ஓடும்; ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். மடக்கினால் நாலு விரல் கனம். ஹோல்டாலில் செருப்பு வைக்க என்று ஒரு பை இருக்குமே, அதன் அளவுக்கே போட்டேன்.

தறிச் சாமான் செய்யும் ஆசாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னா சார், பொம்மைத் தறியா?"

"மாமனாருக்கு. ரயில்ல மிதிக்க."

"ரயிலு அதுவே போவுமே சார். இவரு வேற மிதிக்கணுமா?" என்றார். ஆனால் நன்றாகச் செய்தார். மாமரம் வேண்டாம், வெடிக்கும் என்று வேம்பில் செய்து கொடுத்தார்.

என் வீட்டு நாற்காலியில் உட்காரவைத்து மாமனாரை மிதிக்கச் சொன்னோம். நாலு மிதி மிதித்தார்.

"சருகு மாரி இருக்குது."

"அப்டின்னா?"

"எதிர்த்துக்கினு வரணும் மாப்ள. சொன்ன பேச்செல்லாம் கேட்டா அது மிதியா?"

பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பலகைக்குக் கீழே மடித்துக் கட்டினேன். போதவில்லை. இரட்டையாகக் கட்டினேன். மனைவி பழைய புடவையை நாலாக மடித்து, மரம் மரத்தில் படும் இடத்தில் தைத்தாள். சத்தம் டொக் டொக் என்றில்லாமல் உள்ளங்கையால் மெத்தையைத் தட்டுவதுபோல் ஆயிற்று. அன்று மாமனார் நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும். எழுந்தபோது, "நாற்காலின்னா சொகந்தான் போலக்குது" என்றார்.

மாமனாரும் நானும் பம்பாய்க்குக் கிளம்பினோம். அரக்கோணம் வரை மிதித்துக்கொண்டே வந்தார், பிரச்சினை இல்லை. பம்பாய் வண்டியில் ஏறி, ஹோல்டாலை மறுபடி அவிழ்த்து, மிதியை விரித்து அவர் காலடியில் வைத்தேன். எதிர் இருக்கையில் கடப்பைப் பக்கத்துக்காரர் ஒருவர், தகரப் பெட்டியோடு. பக்கத்தில் அவர் மனைவி. அந்த அம்மாள் உற்றுப் பார்த்துவிட்டுத் தையல் மிஷினா என்று கேட்டார். மாமனார் கூச்சத்தோடு காலை நிறுத்தினார். அவர் புருஷர் குனிந்து பார்த்தார். கால்களை, பலகைகளை, மறுபடி கால்களை.

"மக்கமா?" என்றார்.

மக்கம் என்றால் தெலுங்கில் தறி. எங்கள் ஊரில் அந்த வார்த்தை தெரியாத நெசவாளி கிடையாது.

"ஆமா. மக்கம்" என்றார் மாமனார்.

கடப்பைக்காரர் தன் தகரப் பெட்டியை இழுத்துத் தன் இருக்கைக்கு அடியில் தள்ளி, கால் நீட்ட இடம் செய்துகொடுத்தார். தன்னுடைய இடதுகால் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். மிதிக்கயிறு உராய்ந்து காய்ப்பேறிய தழும்பு. மாமனாரும் தன்னுடையதைக் காட்டினார். 

டிக்கெட் பரிசோதகர் வந்தார். கறுப்புக் கோட்டு. பலகையைப் பேனாவால் சுட்டி, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். மருத்துவச் சாதனம் என்றேன். சான்றிதழ் இருக்கிறதா என்றார். ஊன்றுகோல், கண்ணாடி, பல்செட்டு போன்று உடலோடு சேர்ந்த சாதனங்களுக்குச் சான்றிதழ் தேவையில்லை என்று விதி எண்ணோடு சொன்னேன். விதிகளைப் பொறுத்தவரை நான் பொய் சொன்னதில்லை. அந்த விதியை அந்த நிமிஷத்தில்தான் இயற்றினேன். எண்ணை நல்ல உச்சரிப்போடு சொன்னதால் அவருக்கும் எங்கோ படித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ரேணிகுண்டா வந்தது. வண்டி வெகுநேரம் நின்றது. மிதிச் சத்தம் நின்றுபோனதைக் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். மாமனார் எழுந்து நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிமெண்டு பெஞ்சு. தண்ணீர்க் குழாய்.  கையிலிருந்த கூஜாவைத் திறக்காமலே வைத்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. வண்டி ஒரு முறை குலுங்கி நகர்ந்தது. அவர் உட்கார்ந்தார். வலதுகால் பலகையைத் தேடிக் கண்டுபிடித்தது. கொஞ்ச தூரம் போனபின்,

"தாண்டிடுச்சா மாப்ள?"

"தாண்டிடுச்சி மாமா."

"அந்த இட்லிய எடுங்க. பசிக்குது."

மந்தாரை இலையில் கட்டிய மிளகு இட்லி. ஏழு தின்றார்.

பம்பாயில் என் சகலையின் குடித்தனம் மூன்றாம் மாடி, ஒரே அறை. மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். இளையவள் கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. குழந்தை ராத்திரியெல்லாம் தூங்க விடுவதில்லை என்று அக்காவுக்கு எழுதியிருந்தாள். என்னைப் பார்த்து, "வாங்க மாமா" என்றாள். அவரைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்தாள்.

மாமனார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். கால்கள் அந்தரத்தில் மெல்ல ஆட ஆரம்பித்தன. கைகளால் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். நான் ஹோல்டாலை அவிழ்த்து மிதியை எடுத்து விரித்து, அவர் காலடியில் வைத்தேன்.

"இன்னாது இது?" என்று அவள் என்னைத்தான் கேட்டாள்.

"மிதி" என்றார் அவர். "இது இல்லாங்காட்டி ரயில்ல உக்கார முடியலம்மா. மாப்ள பண்ணிக் குடுத்தாரு."

அவள் பலகையைப் பார்த்தாள். அதில் தைத்திருந்த துணி அவளுடைய அம்மாவின் புடவை. மாம்பழக் கலரில் கறுப்புக் கோடு. எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப, மொத வாட்டி?"

"ரேணிகுண்டா வரைக்கும் வந்தேன்."

"காய்ச்சலுன்னு எழுதின."

"கால் நிக்கலன்னு எப்டிம்மா எழுதறது?"

 தூளியில் குழந்தை முனக ஆரம்பித்தது. எடுத்துத் தோளில் போட்டுத் தட்டினாள். அது அழுகையாயிற்று. இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். பிறகு குனிந்து அவர் மடியில் குறுக்காகப் படுக்க வைத்தாள். "தலைய புடிச்சிக்க. இன்னும் சரியா நிக்கல" என்றாள். கடிதத்தில் தலை நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாள்.

அவர் ஒரு கையைத் தலைக்குக் கீழே கொடுத்தார். கால்கள் மிதித்தன. ஒரு முழங்கால் ஏறியது, ஒன்று இறங்கியது. குழந்தை அழுகையை நிறுத்தி, மேலே இருந்த புது முகத்தைச் சந்தேகத்தோடு பார்த்தது. பட், பட் என்று துணிமேல் மரம் விழும் சத்தம் மட்டும். இளையவள் சாதம் வடிக்க வேண்டும் என்று சொன்னாள். சொல்லிக்கொண்டே கட்டிலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். தறி ஓடும் வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தூங்கி வளர்ந்தவள். கொஞ்ச நேரத்தில் தலை கட்டில் சட்டத்தில் சாய்ந்துவிட்டது. குழந்தை அதற்குப் பிறகுதான் தூங்கியது.

சகலை வேலையிலிருந்து வந்தார். வாசலிலேயே நிறுத்தி, உதட்டில் விரல் வைத்தேன். எட்டிப் பார்த்தார்.

"சாப்பாடு?" என்றார் சைகையில்.

ஹோட்டலுக்குப் போனோம். போகும்போது கூஜாவையும் எடுத்துக்கொண்டேன். வரும்போது அதில் சாம்பார் வாங்கி வந்தோம். மூடி இறுக்கமாக இருந்ததால் மூன்று மாடியும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. என் பட்டியலில் அந்தப் பயணத்தில் உருப்படியாகப் பயன்பட்ட சாமான் அது ஒன்றுதான். அதற்கு இன்னொரு டிக் போட்டேன்.

கதவுக்கு வெளியே நின்றால் மிதிச் சத்தம் கேட்டது. மாமனார் இன்னும் நிறுத்தவில்லை.